வினாவும் விடையும்: இணையம் உரையாடும் முறையும் அதில் தமிழின் இடமும்



தமிழ் மொழியியலைப் படித்து, அதையே கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். கணினிப் பொறியாளன் அல்லன். இணையத்தைப் பற்றி இவர் என்ன சொல்லப்போகிறார் என்னும் ஐயம் உங்களுள் சிலருக்கு எழலாம். அந்த ஐயம் நியாயமானதே. ஆயினும் நாம் ஒவ்வொரு முறை கைப்பேசியைத் தொடும்போதும் அதனுள் நிகழ்வது ஓர் உரையாடல். ஒருவர் கேட்கிறார், மற்றவர் விடை சொல்கிறார். அவ்வுரையாடலுக்கு வினைச்சொற்கள் உண்டு. மறுப்பு வகைகள் உண்டு. எந்த மொழியில் பேசலாம் என்று முன்கூட்டியே தெரிவிக்கும் ஒழுங்கும் உண்டு. வினா, விடை வகைகளைப் பல ஆண்டுகள் வகுப்பில் விளக்கியவனுக்கு இவ்வுரையாடல் அயலானதன்று. அதன் இலக்கணத்தையும், அதில் தமிழர்களாகிய நாம் அறியாமலே செய்துவரும் ஒரு செயலையும் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

ஒரு பாடப்பக்கத்தின் கதை

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். வேற்றுமை உருபுகளைப் பற்றி மாணவர்களுக்காக ஓர் இணையப் பக்கம் எழுதினேன். ஒருங்குறி அப்போதுதான் நம்மிடையே பரவத் தொடங்கியிருந்தது. பக்கத்தின் தொடக்கத்திலேயே, ‘இது ஒருங்குறியில் எழுதப்பட்டது’ என்று கணினிக்குச் சொல்லும் வரியையும் சேர்த்திருந்தேன். என் கணினியில் திறந்து பார்த்தேன். எழுத்துகள் தெளிவாக இருந்தன. நான் பணியாற்றிய நிலையத்தின் வழங்கியில் அதை ஏற்றிவிட்டு நிம்மதியாக உறங்கினேன்.

மறுநாள் ஒரு மாணவி தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, பக்கத்தில் தமிழே இல்லை, ஏதேதோ குறிகள் வருகின்றன” என்றார். நேரில் சென்று பார்த்தேன். மேலே சாய்கோடு ஏறிய ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்து, அதையடுத்து வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’ என்னும் வணிகப் பதிவுக் குறி, மீண்டும் சாய்கோடு, மீண்டும் வட்டம் எனத் திரை முழுவதும் அவையே நிறைந்திருந்தன. உங்களுள் பலரும் இக்குறிகளைக் கண்டிருப்பீர்கள். என் கணினியில் சரியாகத் தெரிந்த அதே கோப்பு, அந்த மாணவியின் கணினியில் ஏன் சிதைந்தது? கோப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இப்புதிருக்கு விடைகாண எனக்குச் சில நாட்கள் ஆயின. அந்த விடைக்குச் செல்லுமுன், உலாவியும் வழங்கியும் எவ்வாறு பேசிக்கொள்கின்றன என்பதைக் காண்போம்.

வினா

நம் கையிலுள்ள கருவியில் இயங்கிப் பக்கங்களைக் கேட்டுப் பெறும் மென்பொருளை உலாவி என்கிறோம். பக்கங்களை வைத்திருந்து கேட்பவர்க்கு வழங்கும் கணினியை வழங்கி என்கிறோம். இவ்விரண்டும் பேசுவதற்கான ஒழுங்கே எச்.டி.டி.பி. எனப்படும் மீயுரைப் பரிமாற்ற நெறிமுறை. ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ இதை உருவாக்கினார். 1991ஆம் ஆண்டில் இருந்த அதன் முதல் வடிவம் மிக எளியது. உலாவி ஒரே ஒரு வரி அனுப்பும்: ‘கெட்’ என்னும் சொல்லும், வேண்டிய பக்கத்தின் முகவரியும். வழங்கி அந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டுத் தொடர்பைத் துண்டித்துவிடும். வணக்கமும் இல்லை, விளக்கமும் இல்லை. கேட்பவர் யார், எந்த மொழியில் வேண்டும், வருவது எந்த எழுத்துமுறையில் உள்ளது என எதையும் சொல்ல அதில் இடமே இல்லை.

1996ஆம் ஆண்டு மே மாதம் வெளியான 1.0 பதிப்பின் ஆவணத்தில் அந்த உரையாடல் முழு வடிவம் பெற்றிருந்தது. வேண்டுகையின் முதல் வரியில் வினைச்சொல்லும் முகவரியும், அதன்கீழ் வரிசையாகத் தலைக்குறிப்புகள், ஒரு வெற்றுவரி, தேவையானால் அதன்பின் உள்ளடக்கம். அலுவலகக் கடிதம் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இந்த அமைப்பு புதிதன்று. பெறுநர், அனுப்புநர், பொருள், பார்வை ஆகியவற்றை எழுதிய பின்னரே செய்திக்கு வருகிறோம் அல்லவா?

வேண்டுகையின் வினைச்சொற்களுள் இரண்டு முதன்மையானவை. ‘கெட்’ என்பது பெறுவதற்குக் கேட்பது. ‘போஸ்ட்’ என்பது ஒன்றைக் கொடுத்து ஏற்கச் சொல்வது. படிவம் நிரப்பி அனுப்புவது இவ்வகை. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுவியலில் வினாவை ஆறாகப் பகுத்தார். கடைக்காரரிடம் ‘அரிசி இருக்கிறதா?’ என்று கேட்பது கொளல் வினா. ‘உன்னிடம் புத்தகம் இல்லையா?’ என்று கொடுக்கும் எண்ணத்தோடு கேட்பது கொடை வினா. ‘கெட்’ முன்னதோடு நன்கு பொருந்தும். ‘போஸ்ட்’ பின்னதோடு முழுமையாகப் பொருந்தாது. அது கேட்காமலே கொடுத்துவிடுகிறது. ஆயினும் கேட்பவரின் நோக்கத்தைக் கொண்டு வினாவை வகைப்படுத்தும் அணுகுமுறை இரண்டிடத்தும் ஒன்றே.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டு நுட்பம் அன்று. ‘கெட்’ என்று எத்தனை முறை கேட்டாலும் வழங்கியில் உள்ளது மாறக்கூடாது என்பது விதி. கடையில் விலையைப் பத்து முறை கேட்டாலும் பணப்பை குறைவதில்லை. ‘போஸ்ட்’ அப்படியன்று. கட்டணம் செலுத்தும் பக்கத்தில் ‘மீண்டும் அனுப்பவா?’ என்று உலாவி எச்சரிப்பதை அறிவீர்கள். இரண்டாம் முறை அனுப்பினால் இரண்டாம் முறை பணம் போகக்கூடும் என்பதே அதன் பொருள். வினைச்சொல்லின் பொருளை அறிந்தவர் அங்கே விரலைப் பின்வாங்குவார்.

விடை

வழங்கியின் விடையும் கடிதம் போன்றதே. முதல் வரியில் ஒரு மூவிலக்க எண், பின்னர்த் தலைக்குறிப்புகள், வெற்றுவரி, அதன்பின் பக்கம். அந்த எண்ணைப் பார்த்தவுடனே உலாவிக்கு விடையின் போக்குத் தெரிந்துவிடும். 200 என்னும் வரிசை ‘சரி’. 300 என்னும் வரிசை ‘வேறிடம் பார்’. 400 என்னும் வரிசை ‘உன் பக்கம் குறை’. 500 என்னும் வரிசை ‘என் பக்கம் குறை’. 100 என்னும் வரிசை, பணி நடந்துகொண்டிருக்கிறது என்னும் இடைக்காலச் செய்தி.

நன்னூலார் விடையை எட்டாகப் பகுத்ததை உயர்நிலை மாணவர்கள் படித்திருப்பீர்கள். அந்த எட்டையும் இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குப் பிடித்த பயிற்சி.

200 என்பது நேர் விடை: கேட்டதைத் தந்தேன். 301 என்பது சுட்டு விடை: அந்தப் பக்கம் வேறு முகவரிக்குப் போய்விட்டது, இதோ புதிய முகவரி. 304 என்பது ஏவல் விடை: நீ முன்பு வாங்கிச் சென்ற படி இன்னும் மாறவில்லை, உன்னிடம் உள்ளதையே எடுத்துக்கொள். 500 என்பது உற்றது உரைத்தல்: எனக்குள் ஏதோ பழுது நேர்ந்துவிட்டது. 503 என்பது உறுவது கூறலுக்கு நெருங்கியது: இப்போது இயலாது, எப்போது மீண்டும் வரலாம் என்பதையும் அதனோடு சேர்த்துச் சொல்லலாம். 401 என்பது வினாதல்: பக்கத்தைத் தருமுன், ‘நீ யார்?’ என்று வழங்கி திருப்பிக் கேட்கிறது. வினாவுக்கு எதிராக வரும் வினாவும் விடையாகவே கொள்ளப்படும் என்பதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே வகுத்துவிட்டார்.

மறை விடையில்தான் தமிழ் ஆசிரியருக்கு மிகுந்த சுவை இருக்கிறது. தமிழில் ‘இல்லை’ என்பதும் ‘மாட்டேன்’ என்பதும் வெவ்வேறு. முன்னது இருப்பை மறுப்பது. பின்னது விருப்பை மறுப்பது. இணையத்திலும் அவை இரண்டு எண்கள். 404 என்றால் ‘அப்படியொரு பக்கத்தைக் காணவில்லை’. 403 என்றால் ‘நீ கேட்பது புரிகிறது, ஆனால் தரமாட்டேன்’. தர விரும்பாத பக்கம் ஒன்று இருப்பதையே மறைக்க நினைக்கும் வழங்கி, 403 சொல்ல வேண்டிய இடத்தில் 404 சொல்லலாம் என்று நெறிமுறை இடம் தருகிறது. ‘அப்பா வீட்டில் இல்லை’ என்று பிள்ளையை விட்டுச் சொல்லச் செய்யும் வழக்கம் நம் ஊர்களில் மட்டும் உள்ளதன்று என்று அறிந்து நான் சிரித்தேன்.

எட்டில் ஏழு ஆயின. எஞ்சிய ஒன்று இனமொழி விடை. ‘ஆடுவாயா?’ என்று கேட்டால் ‘பாடுவேன்’ என்பது. கேட்டதைத் தராமல் அதற்கு இனமான வேறொன்றைத் தருவது. அதற்கு இணையத்தில் தனி எண் இல்லை. ஆனால் இவ்வுரையின் முதன்மையான செய்தி அதில்தான் இருக்கிறது. சற்றுப் பின் அதற்கு வருகிறேன்.

உறைமேல் எழுதிய பொய்

இப்போது என் பாடப்பக்கத்துக்கு வருவோம். கணினிக்கு எழுத்து என்பது எண்களின் வரிசை. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று சொல்வது குறியேற்றம். வழங்கி தன் விடையின் தலைக்குறிப்பில், வருவது என்ன வகை உள்ளடக்கம், எந்தக் குறியேற்றத்தில் உள்ளது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால்? 1990களின் பதிப்புகளில் அதற்கும் ஒரு விதி இருந்தது. குறியேற்றம் சொல்லப்படாத உரையை ஐ.எஸ்.ஓ. 8859-1 என்று கொள்க என்பது அந்த விதி. அது மேலை ஐரோப்பிய மொழிகளுக்கான எழுத்துத் தொகுதி. பேசாதிருந்தால் நீ ஐரோப்பியன் என்பதே அதன் உட்பொருள். 2014ஆம் ஆண்டில் வெளியான திருத்தத்தில்தான் அவ்விதி நீக்கப்பட்டது.

என் வழங்கி இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது. தான் அனுப்பும் உரை எதுவாயினும், ‘இது மேலை ஐரோப்பிய எழுத்து’ என்று தலைக்குறிப்பில் தானாகவே எழுதும்படி அதை அமைத்திருந்தார்கள். என் பக்கத்தின் உள்ளே ‘இது ஒருங்குறி’ என்று நான் எழுதியிருந்தேன். உறைமேல் ஒன்று, உள்ளே வேறொன்று. இவ்வாறு முரண்பட்டால் உறைமேல் உள்ளதையே உலாவி நம்பவேண்டும் என்பது ஒழுங்கு. என் கணினியில் கோப்பை நேராகத் திறந்தபோது நடுவில் வழங்கி இல்லை, உறையும் இல்லை, ஆகவே என் வரி செல்லுபடியாயிற்று. மாணவியின் கணினிக்கு அது வழங்கியின் வழியே போனது. உறை அதைத் தோற்கடித்துவிட்டது.

‘தமிழ்’ என்னும் சொல்லைப் பாருங்கள். நம் இலக்கணப்படி மூன்று எழுத்து. ஒருங்குறியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியிடங்கள். பெருவழக்கான யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாக, மொத்தம் 15 பைட்டுகள். ஐரோப்பியத் தொகுதியோ ஒரு பைட்டை ஓர் எழுத்தாகப் படிக்கும். தமிழ்க் குறியிடங்கள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே. அதுதான் சாய்கோடு ஏறிய அந்த எழுத்து. இரண்டாவது பைட் பெரும்பாலும் வட்டத்துக்குள் ‘ஆர்’. அந்த மாணவி கண்ட குறிகளின் பிறப்பு இதுதான். பொறுப்பாளர் ஒருவர் அமைப்பில் ஒரு வரியை மாற்றினார்; வேற்றுமை உருபுகள் மீண்டு வந்தன. எழுத்தைச் சரியாக எழுதினால் போதாது, அது எந்த எழுத்து என்று உறைமேலும் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதை அன்று கற்றேன்.

இப்பகுதியின் தமிழர்களுக்கு இப்போராட்டம் புதிதன்று. 1995ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது, தமிழ்ப் பகுதி திரையில் தோன்ற உழைத்தவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. 1997ஆம் ஆண்டு மே மாதம் தமிழ் இணைய மாநாடு முதன்முதலாகச் சிங்கப்பூரில் கூடியது. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு செயலியை வளர்த்துக்கொண்டிருந்தார். அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க அதே எழுத்துருவைத் தேடவேண்டும். அந்தத் தலைமுறை போராடிப் பெற்றுத் தந்தது, தமிழ் எழுத்து உலகின் எந்த வழங்கியிலிருந்தும் எந்த உலாவிக்கும் சிதையாமல் செல்லும் உரிமை. விடை தமிழில் வர இன்று தடையில்லை. இன்றைய சிக்கல் வினாவில் இருக்கிறது.

மறதியும் மொழித் தேர்வும்

இவ்வுரையாடலின் ஓர் இயல்பை இதுவரை சொல்லவில்லை. வழங்கிக்கு நினைவில்லை. ஒரு வேண்டுகைக்கு விடை சொன்னவுடன், கேட்டவரை அது மறந்துவிடும். அடுத்த வேண்டுகை முற்றிலும் அயலார் ஒருவரிடமிருந்து வந்தது போன்றதே. நாம் பேசும்போது ‘வந்தானா?’ என்றால் போதும். யார் என்பது முன்பேச்சிலிருந்து விளங்கும். நெறிமுறையில் அத்தகைய தோன்றா எழுவாய்க்கு இடமில்லை. ஒவ்வொரு வேண்டுகையும் தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும். நீங்கள் உள்நுழைந்தவர் என்பதை வலைத்தளம் நினைவில் வைத்திருப்பதுபோல் தோன்றுவதும், ‘குக்கி’ எனப்படும் சிறு அடையாளச் சீட்டை உலாவி ஒவ்வொரு முறையும் எடுத்து நீட்டுவதால்தான்.

இந்த மறதியின் விளைவு ஒன்றைக் கவனியுங்கள். உங்களுக்கு எந்த மொழி வேண்டும் என்பதையும் உலாவி ஒவ்வொரு வேண்டுகையிலும் புதிதாகச் சொல்கிறது. அதற்கென்று ஒரு தலைக்குறிப்பு உண்டு; 1997ஆம் ஆண்டின் 1.1 பதிப்பில் அது முறையாக வரையறுக்கப்பட்டது. ‘ஏற்கும் மொழி’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். அதில் மொழிகளின் குறியீடுகள் வரிசையாக நிற்கும். தமிழுக்கு ‘டி’, ‘ஏ’ என்னும் இரண்டு எழுத்துகள். நாட்டையும் சேர்த்துச் சிங்கப்பூர்த் தமிழ், மலேசியத் தமிழ் என்றுகூட எழுதலாம். ஒவ்வொரு மொழிக்கும் 0 முதல் 1 வரை ஓர் எடை தரலாம்: தமிழ் 1, ஆங்கிலம் 0.7, மலாய் 0.5 என்பதுபோல. வழங்கி தன்னிடம் உள்ளவற்றை இந்த வரிசையோடு ஒப்பிட்டு, ஏற்றதைத் தேர்ந்து, விடையின் தலைக்குறிப்பில் ‘இது இன்ன மொழி’ என்று எழுதி அனுப்பலாம்.

பன்மொழிச் சமூகத்தில் பிறந்த நமக்கு இது வியப்பாக இராது. அங்காடிக் கடையில் எதிரில் நிற்பவரைப் பார்த்து, எந்த மொழியில் தொடங்கலாம் என்று நொடியில் முடிவு செய்கிறோம். வழங்கிக்கு முகம் தெரியாது. ஆகவே நாம் சொல்லவேண்டும்.

சொல்கிறோமா? சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். நம் கருவிகள் ஆங்கிலத்தில் அமைந்திருப்பதால், நம் சார்பில் உலாவி ‘ஆங்கிலம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கத்தைத் திறந்தாலே அதிலுள்ள படங்கள், எழுத்துருக்கள் என்று பல வேண்டுகைகள் போகும். அவை ஒவ்வொன்றிலும் அக்குறிப்பு உண்டு. சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள் 2.5 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றனர். அந்த எண்ணைக் கண்டு நாம் கவலைப்படுகிறோம், அரங்குகளில் விவாதிக்கிறோம். அக்கணக்கெடுப்பு பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. உலாவியோ ஒவ்வொரு நாளும் எண்ணற்ற முறை, ‘இவருக்கு வேண்டியது ஆங்கிலம்’ என்று நமக்காக விடை எழுதிக்கொண்டிருக்கிறது. வீட்டில் தமிழ் பேசுபவரின் விடையும் அதில் ஆங்கிலமாகவே பதிகிறது.

இங்கேதான் இனமொழி விடைக்கு வருகிறேன். தமிழில் கேட்டும் வழங்கியிடம் தமிழ் இல்லை என்றால், ‘நீ ஏற்கும் வகையில் என்னிடம் இல்லை’ என்று 406 சொல்ல நெறிமுறை இடம் தருகிறது. பெரும்பாலான வழங்கிகள் அப்படிச் சொல்வதில்லை. தம்மிடம் உள்ள ஆங்கிலப் பக்கத்தை 200 என்னும் எண்ணோடு அனுப்பிவிடுகின்றன. பயனருக்கு அதுவே நன்மை. வெறுங்கையோடு திரும்புவதைவிடப் புரிந்த வேறு மொழி மேல். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஆடச் சொன்னவருக்குப் பாடிக் காட்டினால், ஆடல் கேட்கப்பட்டது என்பது பாடியவருக்காவது தெரியும். தமிழில் கேட்டு ஆங்கிலம் வந்தாலும், அந்த வேண்டுகையில் தமிழ் கேட்கப்பட்டிருக்கிறது. தளத்தை நடத்துவோர் விரும்பினால் அதைப் பதிந்து எண்ணிப் பார்க்கலாம். கேட்கப்படாத மொழியை எவரும் எண்ண முடியாது.

மாணவர் ஒருவர் முன்பு என்னிடம் கேட்டார்: “ஐயா, ஆங்கிலத்தை முதலிலும் தமிழை இரண்டாவதாகவும் வைத்தால் போதாதா?” நல்ல கேள்வி. சற்று எண்ணிப் பாருங்கள். முதல் மொழி கிடைக்காத இடத்தில்தான் இரண்டாம் மொழிக்கு வாய்ப்பு. நாம் வாழும் சூழலில் ஆங்கிலம் கிடைக்காத பக்கம் அரிது. ஆகவே ஆங்கிலத்துக்குப் பின் நிற்கும் தமிழின் முறை பெரும்பாலும் வருவதே இல்லை. தமிழை முதலில் வைத்து ஆங்கிலத்தை அடுத்து வைத்தாலோ, தமிழ் இருக்கும் இடத்தில் தமிழ் வரும். இல்லாத இடத்தில் எப்போதும்போல் ஆங்கிலம் வரும். இழப்பு ஒன்றுமில்லை.

மறுபக்கமும் உண்டு

ஒரு தலைக்குறிப்பை மாற்றினால் தமிழ் செழித்துவிடும் என்று சொன்னால் நான் உங்களை ஏமாற்றுபவன் ஆவேன். பல தளங்கள் இக்குறிப்பைப் பார்ப்பதே இல்லை. சில, நீங்கள் எந்த நாட்டிலிருந்து கேட்கிறீர்கள் என்பதைக் கொண்டு மொழியைத் தீர்மானிக்கின்றன. வேறு சில, உங்கள் கணக்கின் அமைப்பைப் பார்க்கின்றன. விக்கிப்பீடியா மொழிக்கொரு முகவரி வைத்திருக்கிறது; தமிழ் விக்கிப்பீடியாவுக்குத் தனி முகவரி. அதுவும் தெளிவான முறையே.

மறைகாப்பும் எண்ணிப் பார்க்கத்தக்கது. எல்லாரும் ஆங்கிலம் கேட்கும் இடத்தில் ஒருவர் மட்டும் தமிழ் கேட்டால், கூட்டத்தில் அவரைத் தனித்துக் காண்பது எளிது. மொழிக் குறிப்பு ஒருவரை அடையாளம் காண உதவக்கூடும் என்று நெறிமுறை ஆவணமே எச்சரிக்கிறது. சிறுபான்மை மொழியினர்க்கு இது கூடுதல் சுமை. இதை மறைத்து உங்களுக்கு அறிவுரை கூற நான் விரும்பவில்லை. கேட்பவர் பலரானால் ஒருவரைத் தனித்துக் காண்பது கடினமாகும் என்பதும் உண்மை.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியர்களிடம் மூன்று வேண்டுகைகள் வைக்கிறேன். முதலாவது, உங்கள் உலாவியின் அமைப்பில் மொழிகளின் பட்டியலைத் திறந்து தமிழை முதலிடத்தில் வையுங்கள். கருவி முழுவதையும் தமிழுக்கு மாற்றவேண்டும் என்பதில்லை. கணினி உலாவிகள் பலவற்றில் இப்பட்டியல் தனியாகவே இருக்கிறது. வரும் தமிழில் பழகாத சொற்கள் இருக்கும். அவற்றை வகுப்பில் பேசுங்கள். நல்ல பாடம் அது.

இரண்டாவது, நீங்கள் வெளியிடும் தமிழ்ப் பக்கங்களின் உறையையும் கவனியுங்கள். குறியேற்றம் யூ.டி.எஃப்-8 என்றும், மொழி தமிழ் என்றும் தெளிவாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பொறுப்பாளரைக் கேளுங்கள். நான் அன்று கேட்கத் தவறினேன். பார்வைக் குறையுள்ள மாணவர்கள் பயன்படுத்தும் திரைபடிப்பான், பக்கத்தில் குறிக்கப்பட்ட மொழியைக் கொண்டே குரலைத் தேர்கிறது. தமிழ்ப் பக்கத்துக்கு ‘ஆங்கிலம்’ என்று குறித்துவிட்டால், ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்க முயன்று தடுமாறும். அல்லது வாய்மூடி நிற்கும். கண்ணால் படிப்பவருக்குத் தெரியாத இப்பிழை, காதால் படிப்பவருக்குப் பக்கத்தையே இல்லாமல் ஆக்கிவிடும்.

மூன்றாவது, வினா, விடை வகைகளைக் கற்பிக்கும்போது இந்த எண்களையும் சொல்லுங்கள். 404ஐ அறியாத மாணவர் இல்லை. அது மறை விடை என்று சொன்னால், பவணந்தியார் அவர்கள் கைப்பேசிக்குள் வந்து அமர்வார். 403க்கும் 404க்கும் உள்ள வேறுபாட்டை ‘மாட்டேன்’, ‘இல்லை’ என்னும் இரண்டு சொற்களால் விளக்கிவிடலாம். இலக்கணம் தேர்வுத்தாளில் மட்டும் வாழ்வதன்று என்பதை மாணவர்கள் உணர்வார்கள்.

மாணவர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று. உங்களுள் சிலர் நாளை வழங்கிகளை அமைப்பீர்கள். அப்போது ‘ஏற்கும் மொழி’ என்னும் அந்த ஒரு வரியைப் படித்துப் பாருங்கள். அதில் தமிழ் என்று இருந்தால், மறுமுனையில் உங்கள் பாட்டி இருக்கலாம்.

அவையோரே, கேட்டவருக்கே விடை கிடைக்கும் என்பது இணையத்தின் அடிப்படை. வழங்கி தானாக வந்து கதவைத் தட்டுவதில்லை. உலாவி கேட்கும்வரை அது காத்திருக்கும். நமக்கு முந்திய தலைமுறை, விடை தமிழில் வரமுடியும் என்னும் நிலையை உழைத்து உருவாக்கித் தந்தது. அந்த விடையைத் தமிழில் கேட்கும் பொறுப்பு நம்முடையது. இன்றிரவு வீடு திரும்பியதும், உங்கள் உலாவி உங்கள் சார்பில் எந்த மொழியைக் கேட்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.